சுரப்பி உயிரணுக்களும் வளர்ச்சிக் காரணிகளும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரையும் வரலாற்றுரையும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு ஓர் அறிவியல் உரையும் வேண்டும் என்று விழாக் குழுவினர் விரும்பினர், அவ்விருப்பம் பாராட்டத்தக்கது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் சுரப்பி உயிரணுக்களை வளர்ச்சிக் காரணிகள் எவ்வாறு இயக்குகின்றன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பைக் கேட்டதும், இது மருத்துவக் கல்லூரி மாணவர்க்கு உரியதன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. இத்துறையை உருவாக்கியவர்களுள் பலர், பிறப்பின் பெயரால் பள்ளியினின்றும் ஊரினின்றும் ஒதுக்கப்பட்டவர்கள். இத்துறைக்கு உரிய மூலப்பொருள்களோ, நம் நாட்டில் தீட்டு என்று விலக்கப்பட்ட பொருள்கள். ஆகவே இப்பொருளை அறியும் உரிமை நமக்கு மற்றெவருக்கும் குறைந்ததன்று. அறிய வேண்டிய தேவையோ மிகுதி.

எச்சிலும் பட்டும்

உடலுக்குத் தேவையான ஒன்றை ஆக்கி வெளிவிடும் உறுப்பே சுரப்பி. உமிழ்நீர்ச் சுரப்பியும் பாற்சுரப்பியும் தாம் ஆக்கியதைக் குழாய் வழியே அனுப்புகின்றன. தைராய்டு, பிட்யூட்டரி போன்றவை குழாயின்றி நேரே குருதியில் கலக்கின்றன. அவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். எந்தச் சுரப்பியாயினும், அதன் பணியைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களே.

நம் தருமபுரி மாவட்டத்தாருக்குச் சுரப்பியைப் பற்றிச் சொல்லத் தொலைவிலிருந்து எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. மல்பெரி இலை பறித்து, இரவு பகல் பாராது புழுவுக்கு இட்டு, சந்திரிகையில் கூடு கட்டவிட்டு, தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டு செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தப் புழு நூற்பது ஒரு சுரப்பியிலிருந்துதான். பட்டுச் சுரப்பி என்பது பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பி மாறி அமைந்த உறுப்பே என்பது உயிரியலார் கண்ட உண்மை. பட்டுச்சேலை உடுத்துவோர் அனைவரும் உடுத்துவது ஒரு புழுவின் எச்சிலையே.

இந்தச் சுரப்பியில் இன்னொரு வியப்பும் உண்டு. புழு முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே அதன் பட்டுச் சுரப்பியில் எத்தனை உயிரணுக்கள் என்பது முடிவாகிவிடுகிறது. பொரித்து வெளிவந்த பின் அவை இரண்டு நான்காகப் பிரிவதே இல்லை. பிரியாமலேயே, தம்முள் இருக்கும் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வை மட்டும் மேன்மேலும் இரட்டிப்பாக்கிக்கொண்டு பருக்கின்றன. ஐந்தாம் பருவத்தில் புழுவின் உடலில் பெரும்பகுதியை அச்சுரப்பியே அடைத்துக்கொள்கிறது. எனவே வளர்ச்சி இருவகைப்படும் என்று நாம் அறிகிறோம்: எண்ணிக்கையில் பெருகுவது ஒன்று, உருவில் பெருப்பது மற்றொன்று. இவற்றுள் எது, எப்போது நிகழ வேண்டும் என்பதைப் புழுவின் உடலிலுள்ள ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. இலை எவ்வளவு இட்டாலும் அந்தக் கட்டளை வாராமல் புழு கூடு கட்டாது. உணவு வேறு, கட்டளை வேறு என்னும் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இவ்வுரை முழுதும் அதன் விரிவே.

உடலுக்கு வெளியே உயிர்

உடலினின்று பிரித்த உயிரணு வெளியில் வாழுமா? 1907ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் என்பவர் தவளைக் கருவின் நரம்புத் துணுக்கை ஒரு துளி நிணநீரில் இட்டு, அது நார் விட்டு நீள்வதைக் கண்ணாரக் கண்டார். உயிரணு வளர்ப்பு என்னும் கலை அன்று பிறந்தது எனலாம்.

இன்றைய முறையைச் சுருங்கச் சொல்வோம். சுரப்பித் துணுக்கை நுண்ணியதாக நறுக்கி, நொதியால் அதன் பிணைப்பைக் கரைத்து, உயிரணுக்களைத் தனித்தனியே பிரிக்கின்றனர். சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் கலந்த ஊட்டக் கரைசலில் அவற்றை இட்டு, உடலின் வெப்பமாகிய 37 பாகை செல்சியசில் வைக்கின்றனர். காற்றில் உலவும் ஒரு பூஞ்சை விதை விழுந்தாலும் எல்லாம் பாழ். ஆதலின் தூய்மையே இங்கு முதற்பாடம். குறித்த நாளில் கரைசலை மாற்ற வேண்டும். நாள்தோறும் உருப்பெருக்கியில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பு மனையைக் கழுவி, மருந்து தெளித்து, வேளை தவறாமல் இலை இட்ட கைகளுக்கு இந்த ஒழுங்கு புதிதன்று.

ஆனால் ஆய்வாளர் ஒரு தடையை எதிர்கொண்டனர். ஊட்டக் கரைசலில் வேண்டிய உணவெல்லாம் இருந்தும் உயிரணுக்கள் பெருகவில்லை. சாகவும் இல்லை, வாளாவிருந்தன. அக்கரைசலில் சிறிது குருதி வடிநீரைச் சேர்த்தால் பெருகத் தொடங்கின. குருதி உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரே அது, சீரம் என்பர். பெரும்பாலும் கன்றின் கருவிலிருந்து, இறைச்சிக்கூடங்களில் அதனைத் திரட்டினர். அந்தச் சீரத்துள் இருப்பது யாது? அதை அறியாமலேயே பல்லாண்டுகள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதனைப் பயன்படுத்தி வந்தன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 1982ஆம் ஆண்டு மரபணுப் பொறியியலால் மனித இன்சுலின் ஆக்கி விற்பனைக்கு வரும்வரை, நீரிழிவு நோயாளரைக் காத்த இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. தைராய்டு குன்றியவர்க்கு விலங்கின் தைராய்டையே உலர்த்திப் பொடித்துக் கொடுத்தனர். வளர்ச்சிக் காரணிகள் சில மாட்டின் மூளையிலும் பிட்யூட்டரியிலும் கண்டறியப்பட்டன. செத்த விலங்கை அறுத்துப் பிரித்து அதன் உள்ளுறுப்புகளை அறியும் தொழிலை நம் முன்னோர்மீது சுமத்தி, அத்தொழிலால் அவர்களை இழிந்தவர் என்றனர். சுரப்பி இயலோ அந்த உள்ளுறுப்புகளினின்றே எழுந்தது. இழிவு பொருளிலும் இல்லை, தொழிலிலும் இல்லை. அதனைப் பார்க்கும் கண்ணில் இருந்தது.

படுக்கையறையில் ஓர் ஆய்வுக்கூடம்

சீரத்துள் ஒளிந்திருந்த பொருள்களுக்கு வழி திறந்தவர் ஒரு பெண்மணி. இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் 1909ஆம் ஆண்டு யூதக் குடும்பத்தில் பிறந்த ரீட்டா லெவி மொந்தால்சினி 1936இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1938இல் முசோலினி அரசு இனச் சட்டங்களைப் பிறப்பித்தது. யூதர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றலாகாது, ஆய்வு செய்யலாகாது. கதவு அடைக்கப்பட்டது. அவர் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகளாக்கினார். கோழி முட்டைகளின் கருவில் நரம்புகள் எவ்வாறு வளர்கின்றன, எவ்வாறு மடிகின்றன என்று ஆராய்ந்தார். நகரில் குண்டு விழுந்தபோது நாட்டுப்புறத்திற்குச் சென்று அங்கும் அப்பணியைத் தொடர்ந்தார்.

போருக்குப்பின், 1947இல், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகருக்கு அழைக்கப்பட்டார். 1952இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவில் உயிரணு வளர்ப்பு முறையால் ஒரு சோதனை செய்தார். கோழிக் கருவின் நரம்பு முடிச்சருகே எலியின் புற்றுக்கட்டித் துணுக்கொன்றை வைத்தார். ஒரு நாளுக்குள் அம்முடிச்சைச் சுற்றிக் கதிரவனின் கதிர்கள்போல் நரம்பு நார்கள் எழுந்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து, வளர்க என்று கட்டளையிட்டது. அதுவே நரம்பு வளர்ச்சிக் காரணி.

அப்பொருளைப் பிரித்தெடுக்க 1953இல் அவரோடு சேர்ந்தவர் ஸ்டான்லி கோஹன். புரூக்ளினில் குடியேறிய யூதத் தையற்காரரின் மகன். கட்டணமின்றிக் கற்பித்த நகரக் கல்லூரியால் படிக்க முடிந்தவர். பொருளைத் தூய்மை செய்யும் முயற்சியில் பாம்பின் நஞ்சைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த நஞ்சிலேயே நரம்பு வளர்ச்சிக் காரணி மிகுதியாக இருந்தது கண்டு வியந்தனர். பாம்பின் நச்சுப்பையும் ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பியே அன்றோ? அங்ஙனமாயின் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது இருக்கலாம் என்று கோஹன் எண்ணினார். தேடினார், கிடைத்தது.

அச்சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுக்கு ஊசி வழியே செலுத்தியபோது வேறொன்றும் நிகழ்ந்தது. பன்னிரண்டு முதல் பதினான்கு நாளில் திறக்க வேண்டிய கண் ஆறு ஏழு நாளிலேயே திறந்தது. பற்களும் முன்னரே முளைத்தன. இது நரம்புக் காரணியின் வேலையன்று. இன்னொரு காரணி உள்ளே இருக்கிறது என்று உணர்ந்து, அதனைத் தனியே பிரித்து, 1962இல் வெளியிட்டார். தோலின் மேலடுக்கை வளர்ப்பதால் அது மேல்தோல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது. 53 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம் அது. பின்னர் மனித உடலிலும் காணப்பட்டது. 1986ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கொடுமையை எடுத்துக்காட்டினார். பேஷ்வாக்கள் ஆண்ட காலத்துப் புனே நகரில் தீண்டப்படாதார், தம் எச்சில் நிலத்தில் விழாதிருக்கக் கழுத்தில் மண் கலயத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அவர் அதனை எழுதிய கால் நூற்றாண்டுக்குப்பின், உயிரணுவை வளர்விக்கும் பொருள் உமிழ்நீர்ச் சுரப்பியினின்று உலகுக்குக் கிடைத்தது. மனிதரின் உமிழ்நீரிலும் அது உண்டு. எந்தக் குலத்தார் உமிழ்நீரிலும் உண்டு.

காரணி செயற்படும் வகை

வளர்ச்சிக் காரணி உணவன்று, அது செய்தி. உயிரணுவின் மேற்படலத்தில் அச்செய்தியை ஏற்பதற்கென்றே அமைந்த ஏற்பிகள் உள்ளன. பூட்டுக்கேற்ற திறவுகோல்போல் காரணி தன் ஏற்பியில் மட்டுமே பொருந்தும். பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. படலத்தின் உட்புறம் நீண்டிருக்கும் அவற்றின் பகுதியில் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. அங்கிருந்து ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, அது மற்றொன்றைத் தூண்ட, செய்தி கைமாறிக் கைமாறி உட்கருவை அடைகிறது. உறங்கிக் கிடந்த மரபணுக்கள் சில விழிக்கின்றன. உயிரணு தன் டி.என்.ஏ.வை இரட்டித்து இரண்டாகப் பிரிகிறது.

இதில் இன்னும் நுட்பமான ஓர் உண்மையை 1974இல் ஆர்தர் பார்டி என்பவர் விளக்கினார். பிரிவதற்கு ஆயத்தமாகும் உயிரணுவின் பாதையில் ஓர் எல்லைப் புள்ளி உண்டு. அதனை அடையும்முன் காரணி நின்றுபோனால் உயிரணு பின்வாங்கி ஓய்ந்துவிடும். அப்புள்ளியைக் கடந்துவிட்டாலோ, காரணியை நீக்கினாலும் தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும்.

எவ்வளவு காரணி வேண்டும்? மனிதப் பாற்சுரப்பி உயிரணுக்களை வளர்ப்பதில் வழக்கமாகப் பயன்படும் ஒரு கரைசலில், ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் அளவே மேல்தோல் வளர்ச்சிக் காரணி சேர்க்கப்படுகிறது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு கிராம் காரணி 50,000 லிட்டர் கரைசலுக்குப் போதும். அதனுடன் இன்சுலினும், கார்ட்டிசால் வகை ஹார்மோனும் சேர வேண்டும். பால் சுரக்கும் நிலையை அடைய வேண்டுமாயின் புரோலாக்டின் என்னும் பிட்யூட்டரி ஹார்மோனும் வேண்டும். ஒன்று பெருகச் செய்யும். மற்றொன்று முதிரச் செய்யும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

காரணி என்றாலே வளர்ப்பது என்று கொள்ளலும் ஆகாது. உருமாற்று வளர்ச்சிக் காரணி–பீட்டா என்று ஒன்றுண்டு. அது சுரப்பி உயிரணுக்கள் பலவற்றைப் பெருகவிடாமல் நிறுத்தும். வேறு சில உயிரணுக்களைத் தூண்டும். செய்தி ஒன்றே ஆயினும் கேட்பவர்க்கேற்பப் பொருள் மாறுகிறது. உயிரணு அமரும் தளமும் பயனை மாற்றுகிறது. தட்டையான கண்ணாடித் தட்டில் பாற்சுரப்பி உயிரணுக்கள் பாய் விரித்ததுபோல் பரவும். அவற்றையே உடலில் உள்ளதை ஒத்த மென்கூழில் பதித்தால், நடுவே வெற்றிடம் விட்டுச் சிறு சிறு உருண்டைகளாகக் கூடி, உண்மைச் சுரப்பியின் வடிவை அடையும்.

சீரத்தை வென்ற சாட்டோ

இத்துணைச் செய்திகளும் சீரத்துள் கலந்து கிடந்தன என்று துணிந்து கூறியவர் கார்டன் சாட்டோ. ஜப்பானிய மரபில் 1927இல் லாஸ் ஏஞ்சலிசில் பிறந்த அமெரிக்கர். 1942இல், போர்க்காலத்தில், ஜப்பானிய மரபினர் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்தது. மன்சனார் என்னும் பாலை நிலத்து முகாமில் இளைஞர் சாட்டோவும் அடைபட்டார். வெளிவந்து, தோட்ட வேலை செய்து, படித்து, பேராசிரியரானார்.

1976இல் அவரும் இசுமி ஹயாஷியும் எலியின் பிட்யூட்டரிச் சுரப்பி உயிரணுக்களைச் சீரமே இல்லாத கரைசலில் வளர்த்துக் காட்டினர். சீரத்துக்கு மாற்றாக அவர்கள் இட்டவை தைராய்டு ஹார்மோன், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் முதலான, இன்னவை என்று பெயர் சொல்லக்கூடிய சில பொருள்களே. பின்னர் தைராய்டு, பாற்சுரப்பி என ஒவ்வோர் உயிரணுவுக்கும் உரிய காரணிகளின் தொகுதி வகுக்கப்பட்டது. எது என்று தெரியாத ஒன்றைக் குருட்டாம்போக்கில் ஊற்றிய நிலை மாறி, எது எதனைச் செய்கிறது என்று சொல்லும் நிலை வந்தது.

இந்த அறிஞர் முதுமையில் செய்ததையும் சொல்ல வேண்டும். வறட்சியாலும் போராலும் நலிந்த எரித்திரியா நாட்டுக் கடற்கரையில், முன்பு வளராத இடங்களில் அலையாத்தி மரங்களை வளர்க்க முனைந்தார். கடல்நீரில் எவை குறைகின்றன என்று ஆராய்ந்தார். நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எனக் கண்டார். அவற்றைச் சிறிது சிறிதாகக் கரையும்படி வேரருகே வைத்தார். மரங்கள் எழுந்தன, ஆடு ஒட்டகங்களுக்குத் தீவனமாயின. அத்திட்டத்துக்கு அவர் இட்ட பெயர் மன்சனார். தம்மை அடைத்த முகாமின் பெயரை ஏழை மக்களின் வாழ்வுக்கான பணிக்குச் சூட்டினார்.

கட்டளை மீறிய வளர்ச்சி

வளர்ச்சி எல்லாம் நன்று என்று எண்ணிவிடலாகாது. இயல்பான உயிரணு, அண்டையிலுள்ள உயிரணுக்களிடமிருந்தும் குருதியிலிருந்தும் செய்தி பெற்று வளர்கிறது. பக்கத்து உயிரணுவைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. புற்றுநோய் உயிரணுவோ எவர் சொல்லையும் கேளாது. தனக்கு வேண்டிய காரணியைத் தானே ஆக்கிக்கொள்ளும், அல்லது காரணி வாராமலே ஏற்பியை இயங்கவிட்டுவிடும். மார்பகப் புற்றுநோயருள் ஒரு சாராருக்கு ஹெர்–2 என்னும் ஏற்பி அளவுக்குமேல் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டு, அதனை அடைக்கும் மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மேல்தோல் காரணியின் ஏற்பியை அடைக்கும் மருந்துக்கு அடிகோலியவருள் சாட்டோவும் ஒருவர்.

நம் நாட்டில் இவ்வழியை வகுத்தவர் கமல் ரணதிவே அம்மையார். 1917இல் புனேயில் பிறந்து, பம்பாயில் இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் பணியாற்றி, எலிகளின் பாற்சுரப்பிப் புற்றையும் அதில் மரபுக்கும் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்தார். பால்டிமோர் நகரில் ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, பம்பாயில் திசு வளர்ப்புக் கூடத்தை நிறுவினார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

அந்த ஜார்ஜ் கையின் ஆய்வுக்கூடத்தில் 1951இல் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்த ஹென்றியெட்டா லேக்ஸ் என்னும் கறுப்பினத் தாய், கருப்பைக் கழுத்துப் புற்றுக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கறுப்பருக்கென ஒதுக்கப்பட்ட பிரிவில் சேர்ந்தார். அவரைக் கேளாமலே அவருடைய கட்டித் துணுக்கு எடுக்கப்பட்டது. அது பின்னர் சுரப்பிவகைப் புற்று என்று தெளியப்பட்டது. உடலுக்கு வெளியே முடிவின்றிப் பெருகிய முதல் மனித உயிரணுக்கள் அவருடையவை. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள், ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு, 31ஆம் வயதில் அவர் மறைந்தார். ஹீலா என்ற பெயரில் அவ்வுயிரணுக்கள் உலகெங்கும் சென்றன, விற்கவும்பட்டன. குடும்பத்தார் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அதனை அறிந்தனர். 2023இல்தான், அவ்வுயிரணுக்களால் ஆதாயம் பெற்ற நிறுவனம் ஒன்று அக்குடும்பத்தாரோடு உடன்பாடு கண்டது.

இவ்வரலாற்றின் மறுபக்கமும் உண்டு. இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியின் பயனைச் சோதிக்க, 1953 முதல் அந்த உயிரணுக்களைப் பெருமளவில் வளர்த்து அனுப்பியவர்கள், கறுப்பின மாணவர்க்கென 1881இல் தொடங்கப்பட்ட டஸ்கிகீ கல்வி நிறுவனத்தார். கல்வி நிறுவனம் ஒன்று இருந்ததால், அம்மக்கள் ஆய்வுக்கு உட்பட்ட உடல்களாக மட்டுமன்றி, ஆய்வை நடத்திய கைகளாகவும் அறிவாளராகவும் விளங்கினர். ஒரு சமுதாயத்துக்குக் கல்விச் சங்கம் எதற்கு என்ற வினாவுக்கு இதனினும் தெளிவான விடை நாம் அறியோம்.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, ஏமாறாதிருத்தல். மேல்தோல் வளர்ச்சிக் காரணியை நம் நாட்டிலேயே மரபணுப் பொறியியலால் ஆக்கி, நீரிழிவுப் புண்ணுக்குப் பூசும் மருந்தாக ஐதராபாத் பாரத் பயோடெக் நிறுவனம் வெளியிட்டுள்ளது. செருப்பின்றி வயலில் நடக்கும் நம்மவர்க்குக் காற்புண் பெருந்துன்பம். எனினும் எந்தப் புண்ணுக்கு அது உதவும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். புற்று இருக்கும் இடத்தில் வளர்ச்சிக் காரணி தீங்கு செய்யக்கூடும். வளர்ச்சிக் காரணி என்ற பெயரொட்டி விற்கும் அழகுப் பூச்சுகளையும் மயிர் வளர்க்கும் ஊசிகளையும் நம்பிக் கூலிப் பணத்தை இழக்க வேண்டா.

இரண்டாவது, உரிமை அறிதல். ஆய்வுக்கென்று நம் குருதியையோ திசுவையோ கேட்பவர், எதற்கு, அதனால் வரும் தீங்கு யாது, பயன் எவர்க்கு என்று நமக்குப் புரியும் மொழியில் விளக்கி, நம் ஒப்புதலைப் பெற வேண்டும். மறுத்தாலும் நமக்குரிய சிகிச்சை குறையலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதனையே வலியுறுத்துகின்றன. படித்த இளைஞர் ஒருவர் ஊருக்கு ஒருவராயினும் இதனைத் தெரிந்து, கையெழுத்து இடும்முன் படித்துச் சொல்ல வேண்டும். ஹென்றியெட்டாவுக்கு அப்படி ஒருவர் இல்லை.

மூன்றாவது, ஆய்வுக்கூடத்துள் நுழைதல். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் வேதியியலும் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு மருத்துவர் ஆவது ஒன்றே வழியன்று. விலங்கியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், ஆய்வுக்கூட நுட்பம் எனப் பல வாயில்கள் உள்ளன. 2008இல் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1997 முதல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இயங்குகிறது. புனேயில் உயிரணு அறிவியலுக்கென்றே தேசிய மையம் உள்ளது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆய்வு மாணவர்க்குத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் உண்டு. விண்ணப்பம் எழுதவும், சான்றிதழ் பெறவும், நாள் தவறாது அனுப்பவும் துணை நிற்பது சங்கத்தின் கடமை.

உயிரணுவையும் மனிதரையும் ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு. உயிரணுவுக்குத் தன் தட்டைக் கேள்வி கேட்கத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆயினும் ஓர் உண்மை இருவர்க்கும் பொது. சோறு போட்டால் போதும் என்று எண்ணி விடுதி நடத்துவோர், ஊட்டக் கரைசலை மட்டும் ஊற்றி வைத்தவரை ஒப்பர். நீ படிக்கலாம், நீ ஆராயலாம், உனக்கு அது இயலும் என்ற சொல் வேளை தவறாமல் வந்து சேர வேண்டும். அச்சொல் நானோகிராம் அளவே ஆயினும் அதன் பயன் பெரிது. அதிலும் பார்டி கண்ட எல்லைப் புள்ளியை நினையுங்கள். எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பிள்ளைகள் நின்றுவிடுவது அப்புள்ளியை எட்டும் முன்னரே கை விடுவதால் அன்றோ? அதனைக் கடக்கும்வரை உடன் நின்றால், பிறகு அவர்கள் தம் வழியைத் தாமே முடிப்பர். அண்டையில் இருப்போர்க்கும் காரணியாவர்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் செய்து வந்த பணி அதுவே. பொன்விழா மலரில், உயிரணு வளர்ப்பைப் பற்றி எழுதுபவர், தம் கையாலேயே அவற்றை வளர்த்துப் பார்த்த நம் பிள்ளை ஒருவராக இருக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் இவ்வாண்டே எழுதப்படட்டும்.